இரண்டு வருஷத்துக்குச் சோறு யார் போடுவது?

எம்.எஸ்ஸி. கணிதம் இரண்டு வருஷப் படிப்பு. நான்கு பருவம், நான்கு பரீட்சை. பி.எஸ்ஸி.யில் நல்ல மார்க் வாங்கிய தறிக்காரர் வீட்டுப் பெண்ணோ, விவசாயக் கூலி வீட்டுப் பையனோ மேலே படிக்க ஆசைப்பட்டால், முதலில் எதிரே வந்து நிற்பது கல்லூரியின் விண்ணப்பத் தாள் அல்ல. இந்த இரண்டு வருஷத்துக்குச் சோறு யார் போடுவது என்ற கேள்விதான். கல்வியின் பெருமையைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறார்கள். இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவர்களைத்தான் காணோம். ஆகவே இந்த வாரம் நாம் இதை எழுதுகிறோம்.

மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் படிக்கும் பத்திரிகையில் எம்.எஸ்ஸி. கணிதத்துக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கலாம். பஞ்சப்படி, நூல் விலை, கூலி பாக்கி, குடிமனை ஆகியவற்றை எழுதவே இடம் போதாதபோது இது எதற்கு என்று நினைக்கலாம். பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். பஞ்சப்படியும் இதில் வருகிறது.

அம்மையார்குப்பத்தை எடுத்துக் கொள்வோம். திருத்தணி வட்டாரத்தில், ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர். கைத்தறி இருந்த இடங்களில் விசைத்தறி வந்தது. தறி மாறியதே ஒழிய, பாவு கொடுப்பவர் ஒருவர், நெய்பவர் வேறொருவர் என்ற ஏற்பாடு மாறவில்லை. நெய்த துணிக்குத்தான் கூலி. மின்சாரம் நின்றால் கூலி நின்றது. சந்தை மந்தம் என்றால் பாவு நின்றது. இப்படிப்பட்ட வீட்டில் இருபத்தொரு வயதுப் பிள்ளை என்றால் ஒரு தறிக்கு ஓர் ஆள் என்று அர்த்தம்.

கணக்கைப் போட்டுத்தான் பார்ப்போமே. அந்தப் பிள்ளை தறியில் நின்றால் மாதம் 10,000 ரூபாய் வீட்டுக்கு வரும் என்று வைத்துக் கொள்வோம். கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம். 24 மாதத்தில் 2,40,000 ரூபாய். படிக்கப் போனால் இது வராது. அதோடு பஸ்ஸுக்கு, புத்தகத்துக்கு, வெளியூர் என்றால் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 4,000 என்று குறைத்துப் போட்டாலும் 96,000. மொத்தம் 3,36,000 ரூபாய். கல்லூரிச் சம்பளம் பூஜ்யமாகவே இருக்கட்டும். அப்போதும் இது இருக்கிறது. வக்கீல் வீட்டிலும் ஆபீசர் வீட்டிலும் இரண்டு வருஷப் படிப்பின் செலவு என்றால் அவர்கள் கொடுக்கும் பணம் மட்டுமே. நம் வீட்டில் கொடுக்கும் பணமும் செலவு, வராமல் போகும் கூலியும் செலவு. இந்த இரண்டாவது செலவு எந்த சர்க்கார் கணக்கிலும் வருவதில்லை. "படிப்பு இலவசம்" என்று சொல்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இனி, அந்தப் பிள்ளை என்ன படிக்கப் போகிறது என்பதைப் பார்ப்போம். எண்ணியல், இயற்கணிதம், பகுப்பாய்வு, இடவியல், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவு. இந்தப் பெயர்களைக் கேட்டதும், இது நமக்கு எட்டாத பிராமணக் கணக்கு, வெள்ளைக்காரன் கணக்கு என்று ஒதுங்க வேண்டாம். இதில் பாதி தறிமேடையில் கிடக்கிறது.

நாற்பதாம் நம்பர் நூல் என்றால் என்ன? 840 கஜம் கொண்ட சிட்டம் நாற்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. ஆக ஒரு பவுண்டில் 33,600 கஜம் நூல். இது நூற்பு மில் தொழிலாளிக்குத் தெரியும். அங்குலத்துக்கு 60 இழை வீதம் 50 அங்குல அகலத்துக்கு 3,000 இழை பாவு. இது பாவு ஓட்டுபவருக்குத் தெரியும். லுங்கியில் ஒரு கட்டம் 48 ஊடைக்கு ஒருமுறை திரும்பி வருகிறது, அதே துணியில் பூவேலை ஒன்று 36 ஊடைக்கு ஒருமுறை திரும்பி வருகிறது என்றால், இரண்டும் சேர்ந்து ஆரம்ப நிலைக்கு எப்போது வரும்? 144-ஆவது ஊடையில். டிசைன் போடுபவர் இதை விரலிலேயே கணக்குப் போட்டுச் சொல்வார். எண்ணியல் பாடத்தின் முதல் அத்தியாயம் இங்கேதான் தொடங்குகிறது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். துணியின் நீளத்திலும் அகலத்திலும் திரும்பத் திரும்ப வரும் டிசைன்கள் உலகத்தில் எத்தனை வகை? பூ, மாங்காய், கட்டம், அன்னம் என்று உருவத்தைக் கொண்டு எண்ணினால் முடிவே இல்லை. ஆனால் அவை திரும்பி வரும் முறையைக் கொண்டு வகை பிரித்தால் 17-தான்; பதினெட்டாவது வகை கிடையாது. காஞ்சிபுரத்தில் நெய்தாலும் சரி, பாரசீகத்தில் நெய்தாலும் சரி. 1891-ல் ருஷ்ய அறிஞர் ஃபெடரவ் இதை நிறுவினார். நிறுவுவதற்கு உதவும் கருவிக்குத் தமிழ்ப் பாடநூல்களில் "குலம்" என்று பெயர். குலம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இந்தக் குலத்தில் சேர நான்கே நிபந்தனைகள். உள்ளிருக்கும் இரண்டைச் சேர்த்தால் வரும் விளைவும் உள்ளேயே இருக்க வேண்டும். மூன்றைச் சேர்க்கும்போது எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் முடிவு மாறக் கூடாது. எதையும் மாற்றாத உறுப்பு ஒன்று வேண்டும். ஒவ்வொரு செயலையும் திருப்பிப் போட ஓர் எதிர்ச் செயல் வேண்டும். பிறப்பைப் பற்றி ஐந்தாவது நிபந்தனை ஒன்றும் இல்லை.

தறிக்கும் கணிதத்துக்கும் உள்ள உறவு புதியதல்ல. 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு செய்த தறியில் துளையிட்ட அட்டைகள் எந்த இழை மேலே எழும்ப வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று தறிக்குச் சொல்லின. 1830-களில் இங்கிலாந்தில் பாபேஜ் தன் கணக்கு யந்திரத்துக்குத் திட்டம் போட்டபோது அதே துளை அட்டைகளைத்தான் எடுத்துக் கொண்டார். இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகள் கணிதப் பட்டதாரிகளைத் தேடுகின்றன. நெசவாளியின் தறியிலிருந்து போன யோசனை அங்கே கோடி கோடியாகச் சம்பாதிக்கிறது. அந்த யோசனை பிறந்த தொழிலில் இருப்பவரின் மகள் எம்.எஸ்ஸி. வகுப்புக்குப் போகப் பஸ் காசு இல்லை.

பஞ்சப்படிக்கு வருவோம். விலைவாசிக் குறியீட்டெண் ஏறினால் பஞ்சப்படி ஏறும் என்பது மில் தொழிலாளிக்குத் தெரியும். அந்தக் குறியீட்டெண் எப்படிப் பிறக்கிறது? தொழிலாளி குடும்பம் எதெதற்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று ஒரு வருஷத்தில் கணக்கெடுத்து, அரிசிக்கு இவ்வளவு எடை, வாடகைக்கு இவ்வளவு எடை என்று நிர்ணயித்து, அந்த எடைகளை வைத்தே பிறகு வரும் வருஷங்களின் விலைகளைக் கூட்டுகிறார்கள். 1871-ல் லாஸ்பெயர் என்ற ஜெர்மானியர் சொன்ன சூத்திரம் இது. 2020-ல் மத்திய சர்க்காரின் லேபர் பீரோ 2001-ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய குறியீட்டெண்ணை நிறுத்திவிட்டு, 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட புதியதைக் கொண்டு வந்தது. பழையதையும் புதியதையும் இணைக்கும் எண் 2.88. உணவுப் பொருள்களின் எடை பழைய கணக்கில் 46 சதவிகிதத்துக்கு மேல் இருந்தது. புதிய கணக்கில் 39 சதவிகிதமாக இறங்கியது.

இதன் அர்த்தம் என்ன? மற்ற விலைகள் அப்படியே இருக்க, அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி எல்லாம் நூற்றுக்குப் பத்து ஏறினால், பழைய எடைப்படி குறியீட்டெண் நூற்றுக்கு ஏறக்குறைய 4.6 ஏறும். புதிய எடைப்படி 3.9-தான் ஏறும். சாப்பாட்டுக்கே பெரும் பகுதியைச் செலவழிக்கும் வீட்டுக்கு இது நஷ்டம். தொழிலாளியின் செலவு மாறிவிட்டது, ஆகவே எடையை மாற்றினோம் என்று சர்க்கார் சொல்லும். மாறியது உண்மைதானா? எந்த ஊர்களில், எத்தனை குடும்பங்களிடம் கேட்டார்கள்? அந்தக் குடும்பங்கள் எல்லோருக்கும் மாதிரி ஆகுமா? 2.88 என்ற எண் எங்கிருந்து வந்தது? பேச்சு வார்த்தை மேஜையில் இந்தக் கேள்விகளைக் கோஷத்தால் கேட்க முடியாது, கணக்கால்தான் கேட்க முடியும். அந்தப் பக்கம் பட்டம் பெற்ற நிபுணர்கள் கோப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள். நம் பக்கம் எத்தனை பேர்?

இது புள்ளியியல் அல்லவா, கணிதம் ஆகுமா என்று ஒரு பேராசிரியர் நம்மைத் திருத்தலாம். திருத்தட்டும். புள்ளியியல் நிற்பது நிகழ்தகவின் மேல். நிகழ்தகவுக்கு இன்றுள்ள அஸ்திவாரத்தைப் போட்டவர் கோல்மகோரவ், 1933-ல். எம்.எஸ்ஸி. மாணவர் படிக்கும் நிகழ்தகவு அந்த அஸ்திவாரத்தின் மேல் கட்டியதுதான்.

இன்னொரு தாளையும் சொல்ல வேண்டும். நேரியல் திட்டமிடல் என்று அதற்குப் பெயர். 1938-ல் லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழில் நிர்வாகத்திலிருந்து கான்டரோவிச் என்ற இளம் பேராசிரியரிடம் ஒரு பிரச்னை வந்தது. பல ரக மரங்கள் இருக்கின்றன. பல யந்திரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு யந்திரமும் ஒவ்வொரு ரக மரத்தை ஒவ்வொரு வேகத்தில் அறுக்கிறது. எதை எதற்குக் கொடுத்தால் உற்பத்தி மிக அதிகமாகும்? அடுத்த வருஷமே அதற்குப் பொது வழி ஒன்றை எழுதி வெளியிட்டார். அமெரிக்காவில் டான்ட்சிக் 1947-ல் அங்குள்ள விமானப்படைக்காக வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தார். கான்டரோவிச்சின் சொந்த நாட்டு அதிகாரிகளோ அவர் சொன்னதைக் காதில் போட்டுக் கொள்ள வெகு நாள் ஆயிற்று. 1942-ல் எழுதிய அவருடைய பொருளாதார நூல் 1959-ல்தான் அச்சேறியது. 1975-ல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. சோஷலிஸ நாடானாலும் ஆபீஸ் ஆபீஸ்தான் போலும். அது கிடக்கட்டும். ஒரு தொழிற்சாலையின் சரக்குப் பிரச்னையிலிருந்து பிறந்த கணிதம் இது. இன்று முதலாளிகள் இதை வைத்து யந்திரத்துக்கு ஆள் குறைக்கிறார்கள், லாரிக்கு வழி போடுகிறார்கள், வேலைப் பளுவை நிர்ணயிக்கிறார்கள். "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்று மானேஜர் சொல்லும்போது, எந்த நிபந்தனையைக் கொடுத்தாய், தொழிலாளியின் களைப்பை அதில் எங்கே வைத்தாய் என்று கேட்கத் தெரிந்தவர் நம் வீட்டிலிருந்து வர வேண்டாமா?

வந்திருக்கிறார்களே, ஏழை வீட்டிலிருந்து ராமானுஜன் வரவில்லையா என்று சிலர் சொல்வார்கள். ராமானுஜனின் கனவில் நாமகிரித் தாயார் வந்ததைச் சொல்பவர்கள் உபகாரச் சம்பளத்தின் கதையைச் சொல்வதில்லை. அதை நாம் சொல்கிறோம். கும்பகோணத்து ஜவுளிக் கடைக் குமாஸ்தாவின் மகன் அவர். 1904-ல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறியதால் அந்தச் சம்பளம் போயிற்று. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டியின் கடிதம் வந்த பிறகு, 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. அந்தச் சம்பளம் பெற மேல்பட்டம் வேண்டும் என்பது விதி. அவருக்காக விதியைத் தளர்த்தினார்கள். நன்று. ஆனால் உபகாரச் சம்பளம் போனதற்கும் இந்த 75 ரூபாய் வந்ததற்கும் நடுவே ஏறக்குறைய எட்டு வருஷம். 32 வயதில், 1920-ல் இறந்து போன மனிதனின் எட்டு வருஷம்! வேலை தேடியும், ஒருவேளைச் சோற்றுக்கு நண்பர்களை நம்பியும் அந்தக் காலம் கழிந்தது.

எஸ்.எஸ். பிள்ளையின் பெயர் ராமானுஜன் பெயரைப் போல ஊருக்கெல்லாம் தெரியாது. 1901-ல் குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லத்தில் பிறந்தவர். ஒரு வயதில் தாயை இழந்தார்; பள்ளிப் பருவத்தில் தகப்பனாரையும் இழந்தார். படிப்பு அதோடு முடிந்திருக்க வேண்டும். சாஸ்திரியார் என்ற பள்ளி ஆசிரியர் தன் சம்பளத்திலிருந்து கொடுத்துப் படிக்க வைத்தார். நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று படித்து, சென்னையில் ஆனந்தராவிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்பது 1770-லேயே நிறுவப்பட்டது. அதே கேள்வியை உயர்ந்த அடுக்குகளுக்குக் கேட்டால் விடை என்ன? வாரிங் கேட்ட இந்தக் கேள்வி மேனாட்டுப் பெரிய மேதைகளையெல்லாம் திணற வைத்தது. 1930-களில் பிள்ளை இதன் பெரும் பகுதிக்கு விடை கண்டார். ஆறாம் அடுக்கு என்றால் 73 போதும் என்று 1940-ல் நிறுவினார். 1950 ஆகஸ்டில் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் இறந்தார். ஒரு வாத்தியாரின் இரக்கம் இல்லையென்றால் இந்தப் பெயர் கணித உலகத்துக்கே தெரிந்திருக்காது. அந்த வாத்தியாரை நாம் வணங்குகிறோம். ஆனால் ஒரு நாட்டின் கல்வி இரக்கமுள்ள வாத்தியார் தற்செயலாகக் கிடைப்பதை நம்பி நடக்கலாமா? சாஸ்திரியார் கிடைக்காத பிள்ளைகள் எத்தனை பேர் வல்லத்திலேயே நின்று போனார்கள்? அதற்குக் கணக்கு யாரிடம் இருக்கிறது?

அன்று அந்நிய ஆட்சி என்று சொல்லித் தப்பலாம். இன்று? தமிழ்நாட்டில் இன்று கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் நிறையப் பேர் என்பதை மறுக்கவில்லை. இது போராடிப் பெற்ற முன்னேற்றம். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்று பையன்களுக்கும் வந்தது. நல்ல திட்டங்கள், வரவேற்கிறோம். ஆனால் இவை இளங்கலையோடு நின்று போக வகுத்த திட்டங்கள். பி.எஸ்ஸி. கடைசிப் பரீட்சையை எழுதிய பிறகு அந்த 1,000 ரூபாய் வராது. செலவு கூடுகிற இடத்தில், வீடு கையை விரிக்கிற இடத்தில், சர்க்காரும் கையை விரிக்கிறது. பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகளின் உபகாரச் சம்பளம் முதுகலைக்கும் உண்டு என்பது சரியே. ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மேல் போகாத குடும்பங்களுக்கு அது உண்டு. ஆனால் பஸ்ஸும் மெஸ்ஸும் மாதா மாதம் காசு கேட்கும். உபகாரச் சம்பளம் அப்படி மாதா மாதம் வந்து வீட்டுச் செலவைத் தாங்கும் என்று நம்பி எந்தத் தாயும் மகளை ஹாஸ்டலுக்கு அனுப்ப முடியாது.

இந்தியாவில் 2021-22-ல் உயர்கல்வியில் இருந்தவர்கள் 4 கோடியே 33 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 79 பேர் இளங்கலை மாணவர்கள். முதுகலையில் 12 பேர். நடுவில் இருக்கும் இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள் எல்லோரும் மேலே படிக்க விருப்பமில்லாதவர்களா? வேலைக்குப் போக விரும்பிப் போனவர்கள் உண்டு. வேறு வழியில்லாமல் போனவர்களும் உண்டு. இருவரையும் ஒரே கட்டத்தில் போட்டு எண்ணுகிறது சர்க்கார் புள்ளிவிவரம்.

மொழிப் பிரச்னை ஒன்று இருக்கிறது. அம்மையார்குப்பத்து வட்டாரத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. திருத்தணி தாலுகா 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. மக்கள் பேசும் மொழிக்காக, போராட்டம் நடத்தி, கமிஷன் வைத்து, சட்டம் போட்டு ஓர் எல்லையையே நகர்த்திய மண் இது. அந்த மண்ணில் தமிழில் பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளை ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர எழுதும் ஜாம் பரீட்சை ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022-ல் வந்த முதுகலை நுழைவுத் தேர்வில் கணிதக் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் வருகிறது. திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேரவும் இந்தத் தேர்வுதான். எம்.எஸ்ஸி.க்குப் பிறகு எழுதும் நெட் தேர்வின் கணிதத் தாளும் ஆங்கிலம், ஹிந்தி என்ற இரண்டோடு சரி. கான்பூர்ப் பிள்ளை தாய்மொழியில் படித்து விடை எழுதலாம்; திருத்தணிப் பிள்ளை எழுதக் கூடாது. ஆங்கிலத்தை நாம் வெறுக்கவில்லை. மேல்படிப்புக்கு அது வேண்டும், படித்துக் கொள்ளட்டும். ஆனால் பரீட்சையில் சோதிப்பது கணிதத்தையா, ஆங்கிலத்தையா? ராமானுஜனின் உபகாரச் சம்பளம் பறிபோனதற்கும் ஆங்கிலப் பாடம்தான் முக்கியக் காரணம் என்பதை நூற்றிருபது வருஷமாக எல்லோரும் கதையாகச் சொல்லி வருத்தப்படுகிறார்கள். ஏற்பாட்டை மாற்ற மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

புத்தகமும் அப்படித்தான். ஒரு காலத்தில் மாஸ்கோவின் மீர் பதிப்பகம் அச்சிட்ட கணித நூல்கள் நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைத்தன. கல்லூரியில் விலை உயர்ந்த புத்தகம் வாங்க வழியில்லாத எத்தனையோ மாணவர்கள் பிஸ்குனோவின் நுண்கணிதத்தையும் கோல்மகோரவின் நூலையும் கையில் வைத்துப் படித்தார்கள். சோவியத் நாடு போனபோது அதுவும் போயிற்று. அந்த இடத்தை நிரப்ப ஒரு மாநில சர்க்காரால் முடியாதா? தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் புத்தகங்களைத் தமிழில் வெளியிட்ட காலமும் உண்டு. இடவியலுக்கும் பகுப்பாய்வுக்கும் மலிவு விலையில் நல்ல தமிழ் நூல்கள் வேண்டும். அதற்கு மனம் வேண்டும், மாடமாளிகை வேண்டாம்.

தபாலில் படிக்கலாமே என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1981-லிருந்து தொலைநிலைக் கல்வி நடக்கிறது. பகலில் தறி, ராத்திரியில் படிப்பு என்று பட்டம் வாங்கிய தொழிலாளர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் கணிதத்தில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ஒரு வாரம் முட்டிக் கொண்டு நிற்பது சகஜம். அப்போது பக்கத்தில் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். கரும்பலகை வேண்டும். கூடப் படிப்பவர்கள் வேண்டும். வடஆற்காடு ஜில்லாவின் தண்டரை கிராமத்தில் 1932-ல் பிறந்த எம்.எஸ். நரசிம்மனும், சென்னையில் படித்த சி.எஸ். சேஷாத்ரியும் உலகம் போற்றும் கணித அறிஞர்களானார்கள் என்றால், லயோலா கல்லூரியில் ரஸீன் பாதிரியார் என்ற ஆசிரியர் அவர்களுக்கு வாய்த்தார். புத்தகத்தில் இல்லாத புதுக் கணிதத்தை அவர் வாயால் கேட்டார்கள். வசதியுள்ள பிள்ளைக்கு ஆசிரியர், வசதியற்ற பிள்ளைக்குத் தபால் என்று பிரிப்பதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆசிரியர் என்றதும் மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். "படித்துவிட்டு என்ன வேலை?" என்று தறிக்கார அப்பா கேட்கிறார். அவர் கேட்பது நியாயம். எம்.எஸ்ஸி. முடித்து நெட் தேர்வில் முன்னணியில் தேறினால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய், 2023 ஜனவரி முதல். அது சிலருக்குத்தான். பி.எட்.டும் முடித்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வு எழுதலாம். அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போனால் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம். பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை என்று சொன்னது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் 2022-ல் அவர்கள் வாங்கியது 20,000. நிரந்தர ஆசிரியர் நடத்த வேண்டிய வகுப்பை அதே கரும்பலகையில், அதே பாடத்தை, பாதிச் சம்பளம்கூட இல்லாமல் நடத்துகிறவர்கள் இவர்கள். மில்லில் இதற்குப் பெயர் பதிலி. பதிலித் தொழிலாளியின் வயிற்றெரிச்சலை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இடங்களைக் காலியாக வைத்துவிட்டு, எம்.எஸ்ஸி. படித்தால் வேலை இல்லை என்று அதே சர்க்கார் சொல்வது என்ன நியாயம்? வேலை இருக்கிறது, வகுப்பில் மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நியமன உத்தரவுதான் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இரக்கம் அல்ல. சர்க்கார் பள்ளியில் படித்து, அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. தேறி, முதுகலைக்குப் போகும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இரண்டு வருஷமும் மாதா மாதம் உபகாரச் சம்பளம் வேண்டும். 1,000 ரூபாய் அல்ல, வீட்டுக்கு வராமல் போகும் கூலியில் பாதியையாவது ஈடு செய்யும் தொகை. ராமானுஜனுக்கு 1913-ல் கொடுத்த 75 ரூபாய் அவர் துறைமுகத்தில் வாங்கியதைப் போல இரண்டரை மடங்கு. அன்றைய பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்த இந்தக் கணக்கு இன்றைய நிதித் துறைக்குத் தெரியாதா? நுழைவுத் தேர்வும் நெட் தேர்வும் தமிழிலும் நடக்க வேண்டும். காலியிடங்களை நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். பெண்கள் தங்கிப் படிக்கத் திருத்தணி போன்ற ஊர்களில் விடுதி வேண்டும். கடைசி பஸ்ஸை நினைத்துக் கொண்டே உட்கார்ந்திருந்தால் எந்தத் தேற்றமும் மண்டையில் ஏறாது.

நம் சங்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கூலி உயர்வுக் கோரிக்கை மகஜரில் குழந்தைகளின் படிப்பு என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவது போதாது. அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு நெசவாளர்களும், சுற்றுப்புற விவசாயத் தொழிலாளர் சங்கங்களும், மில் சங்கங்களின் கிளைகளும் இந்த வருஷம் தங்கள் ஊரில் பி.எஸ்ஸி. கணிதம் தேறிய பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எம்.எஸ்ஸி. சேர்ந்தவர்கள் எத்தனை பேர், சேராதவர்கள் சொன்ன காரணம் என்ன, அவர்கள் இப்போது எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி அனுப்பட்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். உயர்கல்வி மானியக் கோரிக்கை சட்டசபையில் வருவதற்கு முன் அந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.